படம் ஒட்டாத விண்ணப்பம்

நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுப்பார்கள். என் காலத்தில் பட்டியலோடு ஒரு சிவப்புப் பென்சிலும் கொடுத்தார்கள். இப்போது கணினியில் ஒரு கட்டத்தைத் தட்டினால் பெயரே மறைந்துவிடுமாம். பென்சிலாவது கோட்டுக்கு அடியில் பெயரை விட்டுவைத்தது. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

நான் மலேசியாவில் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். ஆறாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. மீதியை மளிகைக்கடைப் பொட்டலத் தாளிலும் அடுத்தவர் பேச்சிலும் படித்தேன். பேச்சில் படித்ததுதான் அதிகம். யாராவது நன்றாக ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, எங்கேயாவது எழுதி வைத்தால்தான் இறங்கும். அப்படி எழுதிய நோட்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது என்று காட்ட அதுதான் இருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து இந்தச் சங்கத்தைச் சிறியதாகத் தொடங்கியிருந்தோம். எங்களில் பலருடைய பாட்டன்மார் தென்னாற்காட்டுப் பக்கமிருந்து கப்பலேறியவர்கள். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடாமல் பத்தாவது வரை படிக்க வைப்பது என்று முடிவாயிற்று. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் முப்பது இடம் பேசினோம். அந்த முப்பது பேர் யார் என்று பார்த்துச் சொல்ல, கோடை விடுமுறையில் சங்கத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். சம்பளம் கிடையாது. படித்தவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. "நீதான் கல்லுகூடப் பேசுவியே, நீ போ" என்று என்னை அனுப்பினார்கள்.

முதல் வருடம் நன்றாக ஏமாந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்து, ஐந்து ஏழைப் பெண்களின் பெயரைக் கொடுத்தார். "வெயில்ல அதுங்களை எதுக்கு அலைய உடணும், நான் சொன்னா பத்தாதா" என்றார். பத்தும் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். பள்ளி திறந்தபோது அந்த ஐந்து பெயரிலும் வந்து இறங்கியவர்கள் அவருடைய சொந்தக்காரப் பெண்கள். ஒருத்தி காரில் வந்தாள்.

அந்தச் சூட்டில் மறு வருடம் நானே ஒரு சட்டம் எழுதினேன். நேர்காணல் அன்று பெயரை மூன்று முறை அழைப்போம், நேரில் வராதவருக்கு இடமில்லை. எழுதிவிட்டு எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

தேர்வு இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்து. முகையூர்ப் பக்கம், மயிலம் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வந்து பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே கேள்வி, நீ ஏன் மேலே படிக்க வேண்டும் என்பது. டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பேன் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் கலெக்டர். படித்துப் படித்து எனக்குக் கொட்டாவி வந்த நேரத்தில் ஒரு தாள் கையில் வந்தது. ஜெயக்கொடி என்று பெயர் போட்டிருந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

"எங்க தெருவுல தந்தி வந்தா மொதல்ல எல்லாரும் அழுவாங்க, அப்பறம்தான் யாருக்குன்னு கேப்பாங்க. தந்தி இங்கிலீஷ்ல இருக்கும், படிக்க ஆள் இல்ல. போன வருசம் பெரியாயிக்குப் பேரன் பொறந்த தந்திக்கு அரை நாள் அழுதாங்க. நான் இங்கிலீஷ் நல்லாப் படிச்சா எங்க தெருவுக்கு அழுவற வேலை பாதி கொறையும்."

அந்தத் தாளை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. என் நோட்டில் வைத்துக்கொண்டேன். முகம் பார்க்காமலே இந்தப் பெண்ணுக்கு இடம் உண்டு என்று மனதில் முடிவு செய்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் திண்டிவனம் விடுதியில் நேர்காணல். விடுதி வார்டன் நாற்பது வருடம் டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு பெண்ணுக்கும் எண் போட்ட ஒரே ஒரு விண்ணப்பம் அச்சடித்திருந்தோம். மாற்றுத் தாள் கிடையாது, அதுவும் முதல் வருடச் சூட்டில் நான் போட்ட ஏற்பாடுதான். பெண் உள்ளே வர வேண்டும், பேச வேண்டும், எங்கள் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டுடியோக்காரர் ஒருவர் வராந்தாவில் துணி கட்டிப் படம் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டுவார்.

ஜெயக்கொடியின் பெயரை வார்டன் மூன்று முறை அழைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் கோடு போட்டேன். வருத்தமாகத்தான் போட்டேன், ஆனால் நேராகப் போட்டேன்.

நேர்காணல் முடிந்து மதியம் சாப்பாட்டு வேளையில், அதே ஊரிலிருந்து வந்த ஒரு பெண் தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அவ வர மாட்டாக்கா. பெரிய மனுசி ஆயிட்டா. பச்சை ஓலைக் குடிசை கட்டி உள்ள குந்த வெச்சிருக்காங்க. பதினாறு நாளு ஆவணும். அப்பறம் அவங்க மாமனுக்குப் பேசிடுவாங்க."

வார்டனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், சட்டம் நீங்க எழுதினது. கார்பன் வெச்சி எட்டு காப்பி அடிச்சவ நான். இன்னிக்கு ஒருத்திக்கு உட்டா, அடுத்த வருசம் ஊரே குடிசைக்குள்ள குந்திக்கினு இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் காலை நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டும், பட்டியல் என் பையில் போக வேண்டும். நான் என் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எஸ்டேட்டில் விடிவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற அந்த வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். எனக்கு அம்மை போட்டிருந்த நாளில் என் அம்மா பெரட்டுக்குப் பிந்தி ஓடினாள். எஸ்டேட் குமாஸ்தாவைக் கிராணி என்போம். அந்தக் கிராணி அவள் வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் பெயர் மேல் கோடு போட்டார். ஏன் பிந்தினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு நேரம் இருந்தது, பேனாவை மூடி மெதுவாகச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பேனாவை நான் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது என் கையில் இருந்தது.

"டீச்சரம்மா, நான் போய்ட்டு வர்றேன். கோடு போட்ட கைதானே, அழிக்கவும் அதுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வார்டன் வெயிலுக்கு என்று தன் குடையை மட்டும் கொடுத்தார்.

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது கண்டக்டர் சொன்னது இன்னும் என் நோட்டில் இருக்கிறது. "எறங்கறவங்க ஜல்தியா எறங்குங்க, எறங்காதவங்க வழி உடுங்க, ரெண்டும் இல்லாதவங்க என் மூஞ்சியப் பாத்துக்கினு இருங்க." அங்கிருந்து ஒரு மணி நேர நடை.

வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் அந்தக் குடிசை இருந்தது. பச்சைத் தென்னங்கீற்று, ஓர் ஆள் குனிந்து நுழைகிற உயரம். வாசலில் ஓர் அரிவாளைச் செருகி, குடிசையை ஒட்டித் தரையில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். பக்கத்தில் ஜெயக்கொடியின் அம்மா முனியம்மா உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். குடிசையைக் கட்டிய தாய்மாமன் ஏழுமலை கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், வெளுத்த வேட்டி, சிரித்த முகம்.

"சிங்கப்பூர்லேருந்து வர்றீங்களா?"

"மலேசியா."

"எல்லாம் ஒண்ணுதான், ஏரோப்ளேன் ஏறித்தானே வரணும். குந்துங்க. ஆனா அந்தக் கோட்டுக்கு இந்தாண்ட குந்துங்க, அது தீட்டு."

விஷயத்தைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "நீங்க நல்லது பண்ணத்தான் வந்திருக்கீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா வயசுக்கு வந்த பொண்ணைத் திண்டிவனத்துல உட்டுட்டு, நாங்க இங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கணுமா? அவங்க அப்பாரு பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்காரு. அவரு இல்லாத வூட்டுல நான்தான் பதில் சொல்லணும்."

"பதிலை அவகிட்டயே கேட்டுடறேனே" என்றேன்.

"பாக்கக் கூடாது."

"பாக்கல. கேக்கறேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். முனியம்மா தலை நிமிராமல் மல்லாட்டையை உடைத்தாள். தடுக்கவில்லை என்பதையே நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் சில அனுமதிகள் அப்படித்தான் கிடைக்கும்.

கோட்டைத் தாண்டாமல், கீற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "ஜெயக்கொடி, நான்தான் விழுப்புரத்துல பேப்பர் திருத்தினவ."

"தெரியுது. வந்ததுலேருந்து பேசிக்கினே இருக்கீங்களே." குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. "என் பேரைக் கூப்பிட்டீங்களா?"

"மூணு தடவை."

"நான் பதில் சொன்னேன். காலையில தூரத்துல பஸ் ஹாரன் கேட்டுச்சி, இந்நேரம் கூப்பிடுவாங்கன்னு நெனச்சி 'உள்ளேன் அம்மா'ன்னு சொன்னேன். எங்கம்மா, பொண்ணுக்குக் காத்து கருப்பு அடிச்சிடுச்சின்னு ரெண்டு வேப்பங்கொத்தை உள்ள போட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "உள்ள என்ன பண்றே?"

"உளுந்தங்களி தின்றேன். வேற வேலை இல்ல. இங்கிலீஷ் புக்கு கேட்டா குடுக்க மாட்றாங்க, குடிசையோட சேந்து எரிஞ்சி பூடுமாம். மனசுல இருக்கற பாடத்தையே திருப்பிப் போட்டு சொல்லிக்கினு இருக்கேன்."

சொல்லச் சொன்னேன். ஒரு பாடம் முழுக்கச் சொன்னாள். உச்சரிப்பு அவளுடைய ஊர் உச்சரிப்பு, ஒரு வார்த்தை விடவில்லை. ஏழுமலை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

"உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு. மாமனை வெச்சிக்கினே சொல்லு."

அவள் குரல் கீற்றுக்கு அருகில் நகர்ந்து வந்தது. "மாமா நல்லவருதான். அவருக்குத் தந்தி வந்தாலும் நான்தானே படிக்கணும். என்னைப் படிக்க உடச் சொல்லுங்க. கண்ணாலம் எங்க ஓடிடப்போவுது."

அது போதும் எனக்கு. சட்டென்று விண்ணப்பத்தையும் பேனாவையும் கீற்று இடுக்கில் உள்ளே தள்ளினேன். "கையெழுத்துப் போடு" என்றேன். போடத் தெரியாவிட்டால் பெருவிரல் வைத்தாலும் போதும் என்று பதற்றத்தில் ஏதோ உளறியும் வைத்தேன். "நான் கைநாட்டு இல்லக்கா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் ஏழுமலை நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. உள்ள போனது வெளிய வராது. பாய், தட்டு, துணி எல்லாமே பதினாறாம் நாள் குடிசையோட எரிச்சிடுவோம். அதுக்குத்தான் புக்கே குடுக்கல."

அந்தப் பெண் இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் இதை என்னிடம் சொல்லியிருந்தாள். என் காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம், அதை நானே கொண்டுபோய் நெருப்புக்குக் கொடுத்திருந்தேன். நான் பேசிப் பிழைத்தவள், ஆனால் அவசரத்தில் பேசுகிறவளுக்குக் காது அடைத்துப்போகும். இது உங்களுக்கும் நடக்கும்.

"எல்லாமே எரியுமா?" என்றேன்.

"எல்லாமே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "அப்ப உள்ள இருக்கற பொண்ணு? அவ மட்டும் எப்படி வெளிய வருவா?"

"இது இன்னா கேள்வி. தலைக்குத் தண்ணி ஊத்துவோம், மஞ்சத் தண்ணி. தீட்டு போயிடும், வந்துடுவா."

நான் வாயைத் திறப்பதற்குள் முனியம்மா எழுந்தாள். மடியில் இருந்த தோலெல்லாம் தரையில் கொட்டியது. வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரும் ஒரு மாவிலையும் கொண்டுவந்தாள். "காகிதத்தை நீட்டுடி" என்றாள். இடுக்கில் காகிதம் நீண்டது. மாவிலையால் மூன்று முறை தெளித்தாள். பேனாவுக்கும் தெளித்தாள்.

"யக்கா, பதினாறு நாள் ஆவலியே" என்றான் ஏழுமலை.

"காகிதம் இன்னா பதினாறு நாளா உள்ள குந்திக்கினு இருந்துச்சி? பதினாறு நிமிசம் இருந்துச்சி, அதுக்கு இத்தினி தண்ணி போதும்." அவள் காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். "பெத்தவ நான் குடுக்கறேன். அவங்க அப்பாருக்கு நான் சொல்லிக்கறேன். எடுத்துக்கினு போங்கம்மா."

அக்காவின் பேச்சுக்கு முன்னால் ஏழுமலை தம்பியாகவே நின்றான். கடைசியில், "பத்தாவது முடிக்கட்டும், அப்பறம் நான் பேசறேன்" என்றான்.

"பேசு. அப்ப அவளும் பேசுவா" என்றேன்.

அன்று மாலை வார்டன் விண்ணப்பத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்தின் மை கொஞ்சம் பரவியிருந்தது, ஆனால் பெயர் முழுதாக இருந்தது. படம் ஒட்டும் கட்டம் காலி, அதில் மூன்று மஞ்சள் திட்டு. "நேர்காணல் நடந்த இடம்னு இன்னா எழுதறது மேடம்?" என்றார். "உள்ளதை எழுதுங்க" என்றேன். எழுதினார். தன் கையெழுத்தையும் போட்டார். நாற்பது வருட டீச்சர் போட்ட கையெழுத்து, யாராலும் அசைக்க முடியாது.

எங்கள் ஊரில் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாள் கை மாறி மாறிப் போனது. தலைவி படித்தவர், நல்லவர், கறாரானவர். "இது என்ன, யார் வீட்டுக் குழம்பு?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் ஆறாவதோடு நின்றவள் நான் ஒருத்திதான். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ முகத்தைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்துட்டே. சட்டம் நீ எழுதினது."

"ஆமாம், நான்தான் எழுதினேன். ஏமாத்தறவங்க வரக்கூடாதுன்னு எழுதினேன். ஆனா ஏமாத்தறவன் பஸ்ஸைப் பிடிச்சி நேரத்துக்கு வந்துடுவான். அன்னிக்கு வர முடியாம போனது இவ ஒருத்தி. மத்த எல்லாரையும் பார்த்தேன், இவகிட்டதான் பேசினேன். இந்தப் பெயரை எடுக்கணும்னா அடுத்த வருஷம் வேற ஆளை அனுப்புங்க. என்னால அந்தப் பென்சிலைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது."

வெகு நேரம் வாக்குவாதம் நடந்தது. அதையெல்லாம் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். பெயர் நின்றது. சட்டத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம், வராதவர் வீட்டுக்கு நாம் போவோம் என்று. அந்த வரியைச் செலவு, நேரம், வேறு வேலை என்று சொல்லி எடுத்துவிட வருடா வருடம் யாராவது முயற்சி செய்வார்கள். உங்கள் காலத்திலும் செய்வார்கள். விடாதீர்கள். உங்களைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முடிவை மற்றப் பெண்களுக்கு வார்டன் கடிதத்தில் தெரிவித்தார். ஜெயக்கொடிக்கு மட்டும் நான் தபாலாபீஸுக்குப் போய்த் தந்தி அடித்தேன். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதினேன். அது பெரிய முட்டாள்தனம் என்று அடித்த பிறகுதான் உறைத்தது, அந்தத் தெருவுக்குத் தந்தி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறு வருடம் போனபோது முனியம்மா சொன்னாள்.

"வந்துச்சிம்மா உங்க தந்தி. தெருவே கூடி அழுதுச்சி. அவங்க அப்பாரு சாரத்துலேருந்து உழுந்துட்டாருன்னே நான் நெனச்சிட்டேன். இவ கொடத்தோட வந்தா. அவசரமே படல. கொடத்தை எறக்கி வெச்சி, கையைப் பாவாடையில தொடச்சிக்கினு, வாங்கிப் படிச்சா. ஒரு தடவை மனசுக்குள்ள படிச்சா, அப்பறம் சத்தமா படிச்சா. எங்களுக்கு இன்னா புரியும்."

"அப்புறம்?"

"'அழுதது போதும், எல்லாரும் வூட்டுக்குப் போங்க. ஒருத்தரும் சாவல. நான்தான் கெளம்பறேன்'னு சொன்னா."